மிளகின் மேல் ஓர் அமெரிக்க அரங்கம்

எனக்கு விபரீத யோசனைகள் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் வரும். பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் என்னால் யாருக்கும் ஒரு சேதமும் வந்திருக்காது.

அன்று எங்கள் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் ஒரு பழக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்று, செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் அமெரிக்க நகரத்தின் உள்விளையாட்டு அரங்கம். ஒருநாள் பனித்தரையில் ஹாக்கி, மறுநாள் அதே இடத்தில் கூடைப்பந்து. பனியை அள்ளி வெளியே கொட்டவில்லை. அது பாட்டுக்குக் கிடக்க, மேலே பலகையை அடுக்கி ஆடுகிறார்கள்!

பொறி தட்டியது. கல்லூரி முடித்த கையோடு ஊர்ப் பெண்கள் கபடி அணிக்கு நானே என்னைக் கேப்டனாக நியமித்துக்கொண்டிருந்த காலம் அது. மறுநாள் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கக் கீழேயிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார். மழை பெய்தால் திரும்பிவிடுவார். அடுத்து அவர் மலையேறுவது அடுத்த வருடம்தான். அதற்குள் எங்கள் நட்சத்திர ஆட்டக்காரி பொன்னிக்குக் கல்யாணமே முடித்துவிடுவார்கள்.

ஊரில் கூரை போட்ட பெரிய இடம் சித்தப்பாவின் ஷெட் ஒன்றுதான். தரை முழுக்க மிளகு.

"சித்தப்பா, அமெரிக்காவுல மேல பலகை போட்டு ஆடறாங்க."

"அமெரிக்காவுல மொளகு காயப் போடறாங்களா கண்ணு?"

"மொளகு இல்லீங்க, ஐஸு."

"ஐஸையா காயப் போடறாங்க? நீ மொளகை மூட்டை கட்டி ஓரமா வெச்சுட்டு ஆடு சாமி."

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். மூட்டை கட்டுவதா? (அமெரிக்காக்காரன் சிரிக்க மாட்டானா?) மிளகின் மேல் தார்ப்பாய், அதன் மேல் பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கிய மேடைப் பலகைகள், அதன் மேல் சுண்ணாம்புக் கோடு. அரங்கம் தயார்.

மறுநாள் நல்ல மழை. அதிகாரி அம்மா பலகை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்து எடப்புளி நாட்டு அணிக்கு எதிராகப் பொன்னி கபடி பாடிப் போனாள். நாலாவது எட்டில் பலகை புறப்பட்டது. அடியில் அத்தனை மிளகும் உருள, பொன்னி நின்ற இடத்தில் நிற்க, ஆடுகளம் மட்டும் நகர்ந்தது. அதிகாரி அம்மா நாற்காலியோடு சுவரை நோக்கிப் பயணமானார்.

"ஏம்மா, நிறுத்தும்மா!"

தரையை எப்படி நிறுத்துவது? அமெரிக்காக்காரன் பனியை மூடித் தரை செய்தான். நான் தரையை மூடிப் பனி செய்துவிட்டேன்.

அதோடு விட்டதா? நசுங்கிய மிளகின் தூள் எழும்பியது. "கபடி கபடி கப... அச்சூ!" கபடியில் பாட்டு அறுந்தால் அவுட். பொன்னி அவுட். எதிரணியில் வந்தவளும் "அச்சூ", அவுட். பத்தே நிமிடத்தில், யாரும் யாரையும் தொடாமலே, இரண்டு அணியும் காலி. நடுவர் விசிலுக்குள்ளேயே தும்மினார்.

அதிகாரி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைக் காட்டினார். "மழை நின்னுடுச்சும்மா. வெளியில வந்து ஆடுங்க."

எங்கள் பலகையில் நின்று பழகிய காலுக்குச் சேறு கெட்டித்தரையாகத் தெரிந்திருக்க வேண்டும். பொன்னி ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுத் திரும்பினாள். அதிகாரி அம்மா அங்கேயே அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

"நானுங்க மேடம்?"

"நீ நல்லா யோசிக்கிறம்மா. ஆட்டத்தை அவங்க ஆடட்டும்."

சித்தப்பா திரும்பி வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தார். திட்டவில்லை. "மிக்சி வேலை மிச்சம்" என்றார். அந்த வருடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மிளகுத்தூள்தான் சீர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், மற்றவர்கள் "அவுட்!" என்பார்கள். மூன்று வருடம் மாவட்டத்துக்கு ஆடிவிட்டுப் பொன்னி கல்யாணம் செய்துகொண்டபோது, மாப்பிள்ளை மணவறையில் தும்ம, பந்தலே "அவுட்!" என்றது. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வாரம் இன்னொரு வீடியோ பார்த்தேன். அந்த அரங்கங்களில் கூரையின் நடுவிலிருந்து நாலு பக்கமும் தெரிகிற மாதிரி பெரிய திரை தொங்குகிறது. எங்கள் டிவி ஒன்று, சித்தப்பா டிவி ஒன்று, இன்னும் இரண்டு தேற்றினால் போதும். உத்தரம் தாங்குமா என்று பார்க்க, சத்தமில்லாமல் ஷெட்டுக்குள் ஏணி போட்டு ஏறினேன். புது மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு அடக்கியும் தும்மல் வந்துவிட்டது.

வெளியிலிருந்து சித்தப்பா குரல்: "அவுட்! எறங்கி வா கண்ணு."