‘தையல்கடைக் குடும்பம்’ தொடரில் இருந்த என் விசில் காணாமல் போனது பற்றி

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவனும், இந்தக் கட்டடத்தில் நேற்றுவரை ‘விசில் சார்’ என்று மரியாதையாக அழைக்கப்பட்டவனுமான உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா சுகம். அவளுடைய முழங்கால் சுகமில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே. இடி விழுந்தவன் எப்படி இருப்பானோ அப்படி இருக்கிறேன்.

‘தையல்கடைக் குடும்பம்’ சிரிப்புத் தொடர் முழுவதும் டிஸ்க்காக வந்திருக்கிறது என்று மகள் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினாள். தொலைக்காட்சியில் ஓடி முடிந்தபின் எத்தனையோ காலமாகக் கண்ணில் படாத தொடர். பெட்டியைக் கையில் வாங்கியதும் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் நகலை நாலு பேர் முன்னால் படித்துக் காட்ட வேண்டிய நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். நீ அப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுருட்டுகிற வேலையில் இருந்தாய். உன் அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கை உன்னிடம் சேர்க்க வந்த நான், வராந்தாவில் நின்றுகொண்டு சும்மா இருக்க மாட்டாமல் விசிலடித்தேன். அன்றைக்கென்று பார்த்து விசிலடிக்க வேண்டிய ஆள் சளி பிடித்து வரவில்லை. இசையமைப்பாளர் கதவைத் திறந்து “யாரது?” என்றார். வராந்தாவில் நானும் ஒரு தீயணைப்பு வாளியும்தான் இருந்தோம். என்னை உள்ளே இழுத்துக்கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்தி, அந்தத் தொடரின் முகப்பு மெட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஊதினேன். “பிரமாதம், நீங்க போகலாம்” என்றார். நீ கூட மூலையில் நின்றுகொண்டு பார்த்தாயே. அதுதான் நடந்தது, இதில் ஓர் எழுத்து பொய்யில்லை.

வேலைக்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். கதவைத் திறந்தவர்கள் மீட்டர் இருக்கும் மூலைக்குக் கை காட்டினார்களே தவிர என் முகத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. அந்தத் தொடர் வந்தபிறகுதான் “விசில் அடிச்சது நீங்கதானாமே, உள்ள வாங்க சார்” என்று நாற்காலி போட்டார்கள். ஓய்வு பெற்றபின் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோதும் என்னோடு வந்த ஒரே பெருமை அதுதான். அதைத்தான் ஒரே சாயங்காலத்தில் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டிஸ்க் வந்ததும் நாங்களே பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கலாம். உன் அக்காவும் அப்போதே சொன்னாள்: “எதுக்குங்க ஊரைக் கூட்டறீங்க? நாம ரெண்டு பேரும் பாத்தாப் போதாதா?” கேட்டேனா? விநாசகாலே விபரீத புத்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் இருந்த சோபாவை வெளியே தள்ளி, பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டு, கட்டடத்தையே கூப்பிட்டுவிட்டேன். மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா வந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து நம் மகளின் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். சம்பந்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். கல்யாணப் பேச்சின்போதே “விசிலா? நீங்களா?” என்று கேட்டவர். அவருக்கு முதல் வரிசையில் நடுநாற்காலி போட்டேன். எல்லாம் என் தலையெழுத்து.

விளக்கை அணைத்தேன். திரையில் அதே தையல்கடை, அதே ஷட்டர். ஷட்டர் மேலே போகும்போது என் விசில் ஆரம்பிக்க வேண்டும். உனக்குத் தெரியாதா? நான் எல்லோரையும் பார்த்துக் கையைத் தூக்கி, “இப்ப, இப்ப” என்றேன். ஷட்டர் மேலே போனது. ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு ‘டொய்ங்’. அப்புறம் எலெக்ட்ரானிக் கீபோர்டில் யாரோ முழங்கையை ஊன்றியது போல ஒரு வாசிப்பு, அதற்குமேல் டிரம். தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டது. டிஸ்க்கில்தான் கோளாறு என்று எடுத்து, துடைத்து, மறுபடி போட்டேன். ‘டொய்ங்’. அடுத்த டிஸ்க்கைப் போட்டேன். அதிலும் ‘டொய்ங்’. பெட்டியின் பின்பக்கத்தைப் பல் டாக்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எறும்பு சைஸ் எழுத்தில் ‘சில இசைப்பகுதிகள் மாற்றப்பட்டுள்ளன’ என்று போட்டிருந்தது. மச்சினா, வீட்டை விற்கிறவன் ‘சில சுவர்கள் எடுக்கப்பட்டுள்ளன’ என்று எழுதி விற்பானா?

முகப்பு இசையை மட்டும் மாற்றினார்கள் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவர் ரேடியோவில் சோகப்பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாரே, இப்போது அவர் டிரம் சத்தத்தைக் கேட்டு அழுகிறார். முதலாளியம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவாரே, இப்போது வாய் அசைகிறது, கீபோர்ட் சத்தம் வருகிறது. வாய்க்குள் ஏதோ மெஷின் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பேரம் பேசும் வாடிக்கையாளர் “என்ன குரல்மா உங்களுக்கு” என்கிறார். என்ன குரல் என்றுதான் நாங்களும் கேட்டோம். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாளி ரகசியமாகச் சாப்பிடப் போகும்போது என் விசில் வெளியே கேட்கும், அவர் திடுக்கிட்டு “யாருப்பா அது, விசிலடிக்கறது?” என்பார். வசனத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விசிலைத்தான் எடுத்துவிட்டார்கள். டம் டம் என்று டிரம் அடிக்க, அவர் “யாருப்பா அது, விசிலடிக்கறது?” என்கிறார். சம்பந்தி என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

“சம்பந்தி, நீங்க டிரம்மும் வாசிப்பீங்களா?”

கூடமே சிரித்தது. நான் விடவில்லை. “வசனத்தைக் கேட்டீங்கல்ல? விசில்னுதானே சொல்றார். அப்ப விசில் இருந்திருக்கில்ல?” என்றேன்.

“இருந்திருக்கு. ஒத்துக்கறேன். அது உங்க வாய்லேர்ந்து வந்ததுங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

ஆதாரம் கேட்டால் என்ன செய்வது? ஊதிக்காட்டுவதுதான் வழி என்று எழுந்து நின்றேன். முன்பல் நாலும் போய்ப் பல்செட் மாட்டியிருக்கிறேன் என்பது அந்த ஆத்திரத்தில் மறந்துவிட்டது. உதட்டைக் குவித்து முழு மூச்சோடு ஊதினேன். காற்று வந்தது. அதோடு பல்செட்டும் வந்தது. சம்பந்தியின் மடியில் போய் விழுந்தது. பல் டாக்டரம்மாதான் அதைக் கைக்குட்டையால் எடுத்துக் கழுவிக்கொண்டுவந்து கொடுத்து, “இது லூசா இருக்கு சார், நாளைக்கு வாங்க” என்றார். அத்தனை பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் டிஸ்க் போட்ட கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். “அந்த மியூசிக்கோட உரிமை எங்களுக்குக் கிடைக்கல சார். அதான் புதுசா போட்டுட்டோம்.”

“உரிமை வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமேம்மா. ஊதினது நான்தானே.”

“உங்க பேர் டைட்டில்ல இருக்கா சார்?”

“இல்லம்மா. சாப்பாடு குடுக்கப் போன எடத்துல ஊதினேன்.”

அவள் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், “பாத்தவங்க யாரும் குறை சொல்லலயே சார். ஒரே ஒருத்தர்தான் காலையில கூப்பிட்டுச் சத்தம் போட்டாராம்” என்றாள். அதுவும் நான்தான்.

இப்போது கீழே இறங்கினால் காவலாளி “வாங்க விசில் சார்” என்று சொல்வதில்லை. “வாங்க சார்” என்கிறார். பாதி பெயர் போய்விட்டது. சம்பந்தி எதிரில் வந்தால் வானத்தைப் பார்க்கிறார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் பொய்யன் என்று பெயர் எடுத்தபின் எந்த முகத்தோடு மகள் வீட்டுக்குப் போவேன்? அந்த இசையமைப்பாளர் காலமாகிவிட்டார். அந்தக் கூடத்தை இடித்துவிட்டார்கள். கண்ணால் கண்ட சாட்சி என்று பூமியில் நீ ஒருவன்தான் இருக்கிறாய். உன்னைக் கூப்பிட்டுச் சொன்னால் “அத்தான், விடுங்களேன், பழைய கதை” என்கிறாய். மறுபடி கூப்பிட்டால் லைன் சரியில்லை என்கிறாய். எனக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது. உனக்கென்ன கஷ்டம்? வந்து, சம்பந்தி முன்னால் நின்று, “ஆமாங்க, எங்க அத்தான்தான் ஊதினார், நான் பாத்தேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குக்கூட வாய் வராதா? ஆபத்துக்கு உதவாத மச்சினன் எதற்கு என்று உன் அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவள் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எப்படியும் வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்துசேர். உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், பேச்சை நம்புகிற சம்பந்திகளோடும் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மானம் போன உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் காரியம் வேறுமாதிரி ஆகிவிட்டது. சம்பந்தியம்மா அந்தக் காலத்தில் தொடரைத் தொலைக்காட்சியிலிருந்தே வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தாராம். வீட்டில் கேசட்டைக் கண்டுபிடித்து, பழைய பிளேயரையும் தூக்கிக்கொண்டு சம்பந்தியே வந்துவிட்டார். மறுபடி எல்லோரும் கூடினார்கள். ஷட்டர் மேலே போனது. விசில் வந்தது. கணீரென்று வந்தது. சம்பந்தி எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி” என்றார். கூடமே கை தட்டியது.

நான் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி அந்த விசிலை மறுபடி கேட்டேன். சந்தோஷத்தில் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். விசில் முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சுழிப்பு இருக்கிறது. எனக்கு அந்தச் சுழிப்பு வராது. என் வாழ்நாளில் வந்ததே இல்லை. எல்லோரும் போனபின் உன் அக்காவைக் கேட்டேன். “நீங்க ஊதினதுல காத்துதான் பதிவாச்சாம். நீங்க கிளம்பின பிறகு மூலையில நின்ன என் தம்பியை மைக் முன்னால நிறுத்தி ஊதச் சொன்னாங்களாம்” என்றாள். இத்தனை வருஷம் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்றேன். “பாட்டு வந்ததும் கூடவே நீங்களும் ஊத ஆரம்பிச்சிடுவீங்க. என்னிக்கு டிவிய ஊத விட்டீங்க?” என்றாள். ஏன் ஒருவார்த்தை சொல்லவில்லை என்றால், நீதான் சொல்லக்கூடாது என்றாயாம். “அத்தான் சந்தோஷமா இருக்காருக்கா, கெடுத்துடாதே” என்றாயாம்.

பாவி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சாட்சி சொல்ல வரவேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. சம்பந்தியையும் கட்டடத்தையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். நான் இந்தக் கதையைச் சொன்ன கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் முதலில் கை தட்டியவன் நீ. இந்தத் தடவை நீ ஊது, நான் தட்டுகிறேன்.