தருணின் அம்மாவை மதினியாக மாற்றக் கோரி

பரவை,
மதுரை.

எழுத்தாளர் தமிழ்வாணி அவர்களுக்கு, பரவை முத்திருளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும், இந்தப் பனிக்கு யாருக்கும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும், எழுதுகிற கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். பின்னட்டையில் உள்ள உங்கள் படத்தைப் பார்த்தால் என் கடைசித் தங்கை வயது இருக்கும் போலத் தெரிகிறது. எங்கள் பக்கம் முறை வைக்காமல் யாரையும் கூப்பிட வாய் வராது. ஆகவே தங்கச்சி என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சி, நான் டவுன் பஸ் கண்டக்டர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பரவை வழியாகப் போகிற வண்டி. என் ஒரே மகள் முத்துச்செல்வி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து, நீங்கள் எழுதிய ‘ஜன்னலோர பெஞ்சு’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பள்ளிச் சீருடையில், இரண்டு பேரும் ஒரே குடைக்குள். பெற்றவன் என்ன நினைப்பான் என்று நீங்களே சொல்லுங்கள். “படிக்கிற வயசுல படிக்கிற புஸ்தகமாடீ இது” என்று சத்தம் போட்டு அதைப் பிடுங்கிவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. “சரிப்பா” என்று எழுந்து போனவள், அதோடு என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. நான் டூட்டி முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால், அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எந்த டீச்சருக்குச் செருப்பு வார் அறுந்தது, யார் வகுப்பில் தூங்கி மாட்டினார்கள், சத்துணவு முட்டையை யார் அமுக்கினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். நான் பாதி கேட்பேன், பாதி தூங்குவேன். இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, “அம்மா, அப்பாவுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு” என்கிறாள். நானும், “வேணும்னு சொல்லு” என்று அவள் அம்மாவிடம் சொல்கிறேன். நடுவில் செல்லக்கிளி, அதாவது என் வீட்டுக்காரி, கரண்டியோடு நின்று இரண்டு பேரையும் திட்டுகிறாள். வண்டியில் சில்லறைக்காகப் பத்துப் பேர் ஏசினாலும் எனக்கு உறைக்காது. பிள்ளை பேசாமல் இருந்தது உறைத்தது. இறங்கிப்போய்ப் பேசவும் அப்பன் என்கிற வீம்பு விடவில்லை.

சரி, நாம் செய்தது சரிதான் என்று நிரூபிக்கலாம் என்றுதான் புத்தகத்தைப் பணப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தப்பான வரிகளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வைப்பது, பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவது என்பது என் திட்டம். வண்டி நிற்கிற நேரத்தில் எல்லாம் படித்தேன். முதல் கோடு, உங்கள் கதாநாயகன் தருண் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிற இடத்தில் போட்டேன். நீங்கள் அதை அழகு என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை மாதிரிப் பயல்களை உள்ளே வரச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவன் நான். அடுத்த கோடு போட இடம் தேடினேன், கிடைக்கவில்லை. பாவிப் பையன், அந்தப் பெண் இனியா நனையக்கூடாது என்று குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்து காய்ச்சலில் படுக்கிறான், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கெமிஸ்ட்ரி வராது என்று நோட்ஸ் எழுதிக்கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு ஓடுகிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் பரவை மார்க்கெட் ஸ்டாப்பில் விசில் கொடுக்க மறந்துபோனேன். வெங்காய மூட்டைக்காரர்கள் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டாப் வரை வந்து, என்னைக் கேட்ட கேள்வியை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

டிரைவர் அருள்பாண்டி என்னைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, பையிக்குள்ள என்னத்த வச்சிருக்க? விசில மறக்குற அளவுக்கு?” என்றார். மறைக்க முடியாமல் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து ஆரப்பாளையத்தில் டீ குடிக்கிற நேரமெல்லாம் உங்கள் கதைதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியதும், “என்ன மாப்ள, அந்தப் பய சொல்லிட்டானா?” என்று கேட்பார். இல்லை என்பேன். “வெளங்க மாட்டான்” என்பார். பக்கத்து வண்டிக் கண்டக்டர், சொல்லாமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று சண்டைக்கு வந்தார். தேனி வண்டி டிரைவர், பெண்ணே முதலில் சொன்னால் என்ன என்றார். ஆளாளுக்கு ஒரு நியாயம். ஒருவரும் புத்தகத்தைத் தொட்டது கிடையாது.

இந்த நேரத்தில்தான் செல்லக்கிளி என் பையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். “பிள்ளைகிட்ட புடுங்கிட்டு நீங்க படிக்கிறீகளாக்கும்” என்று கேட்டவள், அடுப்படிக்குக் கொண்டுபோய் அவளும் படிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாள் முகம் வெளிறிப்போய் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இது நடக்கக் கூடாத காரியம்ங்க” என்றாள்.

“எது?”

“இனியாவோட அம்மா, தருணோட அம்மாவ ‘அக்கா, அக்கா’ன்னு கூப்புடுது. அவகளும் ‘வாடி தங்கச்சி’ங்கிறாக. அப்ப தருண் இனியாவுக்குப் பெரியம்மா மகன்ல. அண்ணன் மொறைல வருது.”

புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் மாடிப்படியில் வைத்து அக்கா, பொங்கல் அன்றைக்கு அக்கா, ஆஸ்பத்திரியில் அக்கா. இது என்ன அநியாயம், தங்கச்சி. குடை, காய்ச்சல், கெமிஸ்ட்ரி நோட்ஸ் எல்லாம் போயும் போயும் தங்கச்சி முறைப் பெண்ணுக்கா? அருள்பாண்டியிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “தகப்பன் வழியில ஏதும் மொற இருக்கான்னு பாரு மாப்ள. இனியாவோட அப்பன், தருணோட அப்பன மச்சான்னு எங்கயாச்சும் கூப்புட்டா தப்பிச்சோம்” என்றார். தேடினேன். இனியாவின் அப்பா அந்த மனிதரை ‘சார்’ என்று கூப்பிடுகிறார். சாரில் என்ன முறை இருக்கிறது?

அன்றைக்குச் சாப்பிடும்போது நானும் செல்லக்கிளியும் இதைப் பேசிப் பேசிச் சத்தம் கூடிவிட்டது. சொந்தத்தில் அக்காவாக இருந்தால்தான் கணக்கு, அக்கம்பக்கத்து அக்கா கணக்கில் வராது என்றேன். “வாய் நெறைய அக்கான்னுட்டு, அப்பறம் சம்பந்தி ஆவாகளா? ஒங்க ஊர்ல வேணா ஆவாக” என்று அவள் என் ஊரை இழுத்தாள். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.

“அப்பா, அது அபார்ட்மென்ட்டுப்பா. அங்க எல்லாரும் எல்லாரையும் அக்கான்னுதான் கூப்புடுவாங்க. ஒரு மரியாதைக்கு. அதுக்குப் போயி மொற பாக்குறீங்க” என்றாள் முத்துச்செல்வி.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்பா என்று என்னையே கூப்பிட்டாள். பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று, “மரியாதைக்குன்னாலும் அண்ணன் பொண்டாட்டி மாதிரி மதினின்னு சொல்லலாம்ல” என்றேன். “மதினியா? சிட்டில யாருப்பா மதினிங்கிறா” என்று பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தருண் நல்லவனா, வாய் இல்லாதவனா என்று அரைமணி நேரம் வாதாடினாள். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நா யாரையும் லவ் பண்ணலப்பா. நீங்க அப்புடி நெனச்சுட்டீங்கன்னு தெரியும். இந்தக் கதைய முடிச்சுட்டு ஒங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள புடுங்கிட்டீங்க” என்றாள்.

நான் அவள் தலையில் கையை வைத்தேன். புத்தகத்தை அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டேன், சிவப்புக் கோட்டோடு. அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனாலும் தங்கச்சி, ஞாயம் ஞாயம்தான். மகள் பேசிவிட்டாள் என்பதற்காக முறை மாறிவிடாது. இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருப்பதாகப் புத்தகத்தின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக முதல் பாகத்தின் அடுத்த பதிப்பில், இனியாவின் அம்மா தருணின் அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிற எல்லா இடங்களிலும் ‘மதினி’ என்று மாற்றித் தர வேண்டும். அவர்களும் தங்கச்சி என்று கூப்பிடாமல் ‘நாத்தனா’ என்று கூப்பிட வேண்டும். மதினி ஆகிவிட்டால் அவன் இனியாவுக்குத் தாய்மாமன் மகன், முறைப்பையன், பிறகு எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. பிள்ளைகள் படிப்பை முடிக்கட்டும், ஆளுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிடலாம். மறுத்தால் இரண்டாம் பாகத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் படிக்க மாட்டோம். அருள்பாண்டியும் கேட்க மாட்டார்.

கடுமையாக எழுதியிருந்தால் மூத்தவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி புண்ணியத்தில் நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருந்து நிறைய எழுத வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி. மதுரைப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். உப்பு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் முறையான
முத்திருளன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி முத்துச்செல்வியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். “மாத்தச் சொல்லாதீங்கப்பா” என்றாள். ஏன் என்றேன். “மதினின்னு மாத்திட்டா அம்மா சரின்னுரும். அப்பறம் சாப்புடும்போது நம்ம எதப் பேசுறது?” என்றாள். ஆகவே தங்கச்சி, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அக்கா அக்காவாகவே இருக்கட்டும். இரண்டாம் பாகத்தில் இன்னும் நாலு இடத்தில் சேர்த்துப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.