கரடிக்காகக் கட்டிய சேற்றறை

இந்தக் கரடி விவகாரத்தை நான் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே பயப்படவும் செய்கிறேன். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படிக் குடித்தனம் செய்கின்றன என்று கேட்டால், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் வீடு வெர்மான்ட் மாநிலத்து மலையில், மண்சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. பனி உருகும் ஏப்ரலில் அது சாலை அல்ல, கூழ். அந்தக் கூழைப் பூட்ஸில் சுமந்துகொண்டு பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் நுழைவது என் வழக்கம்.

"ரோலண்ட், வீட்டுக்குள்ள வர்றியா, இல்ல ரோட்டையே கூட்டிட்டு வர்றியா?" என்பாள் என் மனைவி கிளாடெட்.

பின்வாசலில் கம்பிவலை அடித்த தாழ்வாரம் ஒன்று இருந்தது. அதைச் சேற்றறையாக மாற்ற வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கோரிக்கை. பூட்ஸைக் கழற்ற, ஈரக் கோட்டை மாட்ட, நாயைத் துடைக்க, வெளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் அறை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை. காரணம், அந்தத் தாழ்வாரம் என் சாம்ராஜ்யம். என் சாய்வு நாற்காலி அங்கேதான். தூண்டில்கள் அங்கேதான். கிளாடெட்டின் குரல் அங்கே பாதிதான் எட்டும். அந்த நிம்மதியை உயிருள்ளவரை விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன்.

ஒரு ஏப்ரல் மாலை பக்கத்து வீட்டு மெரில் வந்தான். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன். அதில் மூன்று வானிலை பற்றியது. அப்படிப்பட்டவன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றான்.

"ரோலண்ட், உன் பின்தாழ்வாரத்துல கரடி."

"இப்பவா?"

"காலையில. உன் நாற்காலியில முன்னங்காலை வச்சு நின்னுருக்கு. உன் பூட்ஸை மோந்திருக்கு. ஒரு தடவை மோந்துட்டா அந்த ஆளை அது மறக்காது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதத்து வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்திருந்தான். பொய்யாக இருந்தால் இவ்வளவு செலவு செய்வானா?

கரடிகள் விழித்துக்கொள்ளும் பருவத்தில் மரத்தில் தொங்கும் பறவைத்தீனிக் கூடுகளை, விதை வாசனைக்குக் கரடி வராதபடி, இறக்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். நானும் ஒழுங்காக இறக்கியிருந்தேன். இறக்கி, சூரியகாந்தி விதை மூட்டையோடு என் நாற்காலிக்கு அடியிலேயே வைத்திருந்தேன். அழைப்பிதழ் வைத்துப் பந்தியும் விரித்த மாதிரி.

அன்றிலிருந்து என் வண்டியை விட்டு இறங்கினால் உரக்கப் பாடிக்கொண்டே வாசலுக்கு நடந்தேன். மனித சத்தம் கேட்டால் கரடி ஒதுங்குமாம். என் பாட்டுக்கு எங்கள் நாயே ஒதுங்கியது. ஒருநாள் அந்தி நேரம், தாழ்வாரத்தில் கறுப்பாக ஏதோ நிமிர்ந்து நின்று அசைந்தது. கால் சேற்றில் புதைந்துவிட்டது. "நான் இப்படியே போயிடுறேன்" என்று அதனிடம் மரியாதையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் மழைக்கோட்டு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் முன்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போனேன்.

கிளாடெட்டோ பதறவே இல்லை. "பாவம், பசியோட வந்திருக்கும்" என்றாள். சாப்பாட்டுக்குச் சாப்பாடு சேற்றறை புராணம் பாடுகிறவள், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பயத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டேன். குடும்பத் தலைவனாக நானே முடிவெடுத்தேன்.

"கம்பிவலையைப் பிச்செறிஞ்சுட்டு கனமான பலகைச் சுவர் வைக்கப்போறேன்."

"எதுக்கு வீணா? காத்து வராதே."

காற்று முக்கியமா, கழுத்து முக்கியமா என்று கேட்டேன். வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று: கரடி முதலாவதை உடைப்பதற்குள் நாம் இரண்டாவதைத் தாண்டிவிடலாம். தரைக்குக் கல், நடுவே தண்ணீர் வடிய வழி: மீன் வாடையும் பூட்ஸ் வாடையும் அன்றன்றே கழுவிப் போய்விட வேண்டும். விதை மூட்டைக்கு மூடி போட்ட கனமான பெஞ்சு. ஆபத்தென்றால் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம். ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு பூட்ஸ் மாடம். எல்லாவற்றுக்கும் கிளாடெட் வேண்டாம் வேண்டாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் நான் போராடினேன். எங்கள் தாம்பத்தியத்தில் இத்தனை வாக்குவாதங்களில் நான் தொடர்ந்து ஜெயித்தது அந்த வசந்தத்தில் மட்டும்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெஞ்சு இடது பக்கம் வேண்டாம், வலது பக்கம் வை, அங்கேதான் வெயில் விழும், பூட்ஸ் காயும் என்றாள்.

"கரடி வர்றப்ப வெயில் எதுக்கு?"

"கரடி வராதப்பவும் நாம இங்கதான இருக்கப்போறோம்" என்றாள்.

கடைசி ஆணி அடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட ஓடிவந்து வெளிக்கதவைச் சாத்தினேன். உள்கதவு திறக்கவில்லை.

"பூட்ஸைக் கழட்டியாச்சா?" என்றது அவள் குரல். புதுச் சுவரில் பட்டு, முழுசாகக் கேட்டது.

"ஆச்சு."

"சாக்ஸ், பேன்ட்? வாடை உள்ள வரக்கூடாது, ரோலண்ட். கரடி."

அரை ஆடையில், குளிர்ந்த கல் தரையில் நின்று என் சாம்ராஜ்யத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாற்காலியைக் காணோம். கரடி மோந்த சாமானை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.

அதன் பிறகுதான் எனக்குள் குடைச்சல் ஆரம்பித்தது. எங்கள் ஏப்ரல் சேற்றில் பூனை நடந்தாலே குழி விழும். அவ்வளவு பெரிய கரடி வந்து போயிருந்தால் ஒரு கால்தடமாவது வேண்டாமா? அன்று என் தாழ்வாரத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் பூட்ஸ் தடங்கள்தான். மெரிலிடம் கேட்க எத்தனையோ முறை வாய் எடுத்தேன். உண்மை என்று சொன்னால் கரடியை நினைத்து நடுங்க வேண்டும். இல்லை என்றால் வீட்டுக்குள் இருப்பவளை நினைத்து நடுங்க வேண்டும். எந்த நடுக்கம் தேவலை என்று முடிவு செய்ய முடியாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த ஏப்ரலில் மெரில் மறுபடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் அளவுநாடா.

"உன் சேற்றறையை அளந்துக்கிறேன், ரோலண்ட். எங்க வீட்லயும் ஒண்ணு அவசரமாக் கட்டணும்."

"என்ன அவசரம்?"

"எங்க பின்தாழ்வாரத்துல கரடி."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? என் பொண்டாட்டி ஹேசல் சொன்னா."

"ஹேசல் பார்த்தாளா?"

"இல்ல. உன் கிளாடெட் பார்த்துட்டு வந்து அவகிட்ட சொன்னாளாம்."

உள்கதவுக்கு அப்பால் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தபடியே மெரில் பக்கம் சாய்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்:

"மெரில், அன்னிக்கு என் தாழ்வாரத்துக்கு வந்த கரடியைப் பத்தி உன்கிட்ட சொன்னது யாரு?"