வெறும் வயிற்றில் ஒரு பகை

செத்தாலும் அந்த மாத்திரையைத் தொடுவதில்லை என்று வெல்டர் முடிவெடுத்தார். தொடாவிட்டால் செத்துத்தான் போவார் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலையைப் பாதியில் போட்டுவிட்டதாம். அது சுரக்க வேண்டியதை இனி மாத்திரைதான் தரவேண்டுமாம். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. டீயெல்லாம் அரைமணி கழித்துத்தான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் வெல்டர்.

"இருக்கிற வரைக்கும்."

அதுதான் பிடிக்கவில்லை. ஆயுள் முழுக்க என்று ஏற்கெனவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அனுபவிப்பது போதாதா?

ஆனால் அந்த வீட்டில் சிரிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் முகம் ஊதிப்போயிருந்தது. கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர். துருப்பிடித்த கதவு மாதிரி குரல். போன வாரம், வீட்டை ஒட்டிய பட்டறையில், வெல்டிங் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். சட்டைக் கை கருகிய வாடை வந்து மனைவி ஓடினாள். மெயினை அணைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கண் திறந்தார். அன்றிலிருந்து அவர் சற்றுக் கண்ணயர்ந்தாலும் அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

இன்னொன்றும் நடந்தது. அவருக்கு ஒரு அண்ணன் உண்டு. கல்யாணப் பந்தலில், பெண் வீட்டார் முன்னாலேயே, "இவன் உருப்படமாட்டான்" என்று சொன்னவன். தினமும் அதை நினைத்துப் பல்லைக் கடித்த பிறகுதான் வெல்டர் பல் விளக்குவார். அந்தக் கோபம்கூட இப்போது வரவில்லை. மனைவியை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது அதுதான்.

"என்னங்க, மாத்திரை."

"வேணாம் போ."

"செத்துடுவீங்கன்னு சொல்றாங்க."

"சரி."

"என்ன சரி?"

"நீயாவது நிம்மதியா இரு."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் தெளிந்திருந்தது.

"உங்க அண்ணனைக் கடைத்தெருவுல பார்த்தேன்."

வெல்டரின் ஒரு கண் திறந்தது.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

"சொல்லித் தொலைடி."

"'இந்த வருஷம் தாண்டமாட்டான். அவன் வெல்டிங் மெஷினை யாருக்கும் குடுத்துடாதே, நான் எடுத்துக்கறேன்'னார்."

மற்றக் கண்ணும் திறந்தது.

"என் மெஷினையா?"

"சாவுக்கு வரும்போதே வண்டியோட வந்துடறாராம். ரெண்டு தடவை அலைய முடியாதாம்."

"குடுடி அந்தக் கருமத்தை!"

அன்று முதல் தினமும் அண்ணனைத் திட்டிக்கொண்டே விழுங்கினார். ஒரு நாள் தவறவில்லை. மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. ஸ்வெட்டர் கழன்றது. குரல் திரும்பியது. கடைசியில் கோபமும் முழுசாகத் திரும்பியது. நேரே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என் மெஷின் கேக்குதா உனக்கு?"

அண்ணன்காரன் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தான். படியில் உட்கார்ந்தான்.

"சண்டைக்கு வந்துட்டியா? அப்போ பொழைச்சுட்டேடா."

"மெஷினைக் கேட்டியா இல்லையா?"

"எந்த மெஷின்? உன் பொண்டாட்டி இங்க வந்து அழுதா. 'உங்க மேல ஒரு பழியைப் போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க, வேற எதுக்கும் அவர் வாயைத் திறக்கலை'ன்னா. இன்னும் நாலு சேர்த்துப் போடும்மான்னு சொல்லி அனுப்பினேன்."

வெல்டர் வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கத்தினார்.

"என்னை முட்டாளாக்கிட்டியேடி!"

"உயிரோட இருக்கிற முட்டாள்தானே."

"நாளையிலேருந்து மாத்திரையே கிடையாது. யார்கிட்ட வேணா போய்ச் சொல்லு!"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. அளவைக் கூட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார்." பெருமூச்சு விட்டாள். "அது கிடக்கட்டும். உங்க தங்கச்சி போன் பண்ணினா. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா பாருங்க... வேணாம், விடுங்க."

பொய். சுத்தப் பொய். வெல்டருக்கு அது நன்றாகவே தெரியும்.

"என்னடி சொன்னா?" என்றார்.