கடைசியில் மிஞ்சியவர் எட்டுப் பேர்

பிள்ளையின் படிப்பைப் பற்றி வெளியில் பேசாமல் இருக்கும் தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை. (யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் பயிற்சிக்குப் போகிறேன்.)

என் மகள் பிரீத்தி அப்போது புள்ளியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்கென்றே கணினியில் ஒரு மொழி இருக்கிறதாம். பெயர் ‘ஆர்’. அதில் கணக்குப் போடலாம், வரைபடம் போடலாம், குலுக்கல்கூட நடத்தலாம் என்றாள். முதல் இரண்டும் என் காதில் ஏறவில்லை.

தூத்துக்குடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு வரி கட்டுகிற வீடுகள் பத்து. தசராவும் பத்து நாள். ஒரு நாள் மண்டகப்படி ஒரு வீட்டுக்கு. அன்றைய அலங்காரம், பூஜை, பிரசாதம் எல்லாம் அந்த வீட்டார் பொறுப்பு. பத்தாம் நாள் சூரசம்ஹாரம். அந்த நாள் கிடைத்தால் வீட்டில் கல்யாணம் வந்த மாதிரி. எந்த நாள் யாருக்கு என்பதைச் செம்பில் திருவுளச்சீட்டு போட்டு எடுப்பது வழக்கம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு சீட்டை மட்டும் தடிமனாகச் சுருட்டிவிட்டார்கள் என்று தகராறு வந்து, இரண்டு வீட்டார் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

“எம் மக கம்ப்யூட்டர்ல எடுப்பா. அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியாது” என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பிரீத்தி பத்து வீட்டுக்காரர்களின் பெயரையும் போட்டு நிரலை எழுதிவிட்டாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மிச்சமிருக்கிற பெயர்களில் ஒன்று வந்தது. அருமையாக வேலை செய்தது. அதோடு நான் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை. ஒரு எழுத்து பிசகினால் கண்டெய்னர் யார்டிலேயே உட்கார்ந்துவிடும். பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“பேரு போடாத. யார் பேரு மேல, யார் பேரு கீழன்னு சண்டை வரும். கோயில் வரி நம்பரைப் போடு” என்றேன். மாற்றினாள்.

பிறகு இன்னொரு யோசனை. ஒன்பது முறை எடுத்தால் போதும், மிஞ்சுகிற வீட்டுக்குத் தானாகப் பத்தாம் நாள் என்றாள் அவள். செம்புக் காலத்திலும் கடைசிச் சீட்டை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நான் விடவில்லை. பத்தாவது நம்பர் சுவரில் பெரிதாக வர வேண்டும், மேளம் முழங்க வேண்டும்.

“தேவையில்லப்பா.”

“ஒனக்கு ஊரு தெரியாது” என்றேன். (ஊர் தெரிந்தவனின் கதையைத்தான் மேலே படிக்கப் போகிறீர்கள்.)

குலுக்கல் அன்று கோயில் மண்டபச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். முதல் அழுத்தலில் ஐந்து வந்தது, பக்கத்து வீட்டுப் பால்பாண்டி. இரண்டாவது மூன்று, நாங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் மேளம், குலவை. ஒன்பதும் முடிந்தபோது மிஞ்சியது எட்டு.

எட்டாம் நம்பர் கயிற்றுக்கடை அண்ணாச்சி. திரேஸ்புரத்துப் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்கிறவர். நல்ல பாரியான உடம்பு. வாழ்நாளில் ஒருமுறைகூட அவருக்குப் பத்தாம் நாள் விழுந்ததில்லை. விஷயம் புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்து நின்றார். அவர் சம்சாரம் வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லியே விட்டாள்.

நான் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். “அழுத்து” என்றேன்.

சுவரில் வந்தது மூன்று.

மேளம் பாதி அடியில் நின்றது.

“ஏலே, ரெண்டாம் நாளும் ஒனக்கு, பத்தாம் நாளும் ஒனக்கா?” என்றான் பால்பாண்டி. “நடுவுல கெடக்குறத மட்டும் எங்களுக்கு எதுக்கு? அதையும் நீயே எடுத்துக்கோ.”

மெஷின் சூடாகியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். மறுபடி அழுத்தச் சொன்னேன். ஐந்து வந்தது. பால்பாண்டி கொஞ்சம் யோசித்தான். “இது வேணும்னா சரியா இருக்கும்” என்றான். இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் மூன்று. என் மனைவி மெல்ல நகர்ந்து அடுத்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணாச்சி இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் திரும்பத் தோளில் போட்டார். 

எல்லாவற்றையும் ரத்து செய்து, பழையபடி செம்பை எடுங்கள் என்று ஒரு குரல் வந்தது. நாலு பேர் அதை ஆமோதித்தார்கள். எடுத்தால் அண்ணாச்சியின் பத்தாம் நாளும் செம்புக்குள் போய்விடும். அதோடு என் மகள் கள்ளக் குலுக்கல் நடத்தியவள் என்ற பெயரும் நிலைத்துவிடும்.

பிரீத்தி ஒரு கேள்விக்குறி போட்டு, குலுக்கலுக்குப் பயன்படுத்திய ‘சாம்பிள்’ என்ற கட்டளையின் பெயரை அடித்தாள். அப்படிக் கேட்டால் அந்த மொழி தன் விளக்கப் பக்கத்தைத் திறந்து காட்டும். சுவர் முழுக்க ஆங்கிலம். படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்று நெற்றியில் கை வைத்தாள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

“பெரியப்பா, நம்பர் ஒண்ணே ஒண்ணு மிஞ்சினா இது அத ஒரு ஆளா பாக்காது. எட்டுன்னா, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் தானே புதுசா சீட்டு எழுதிக்கிடும். அதுல இருந்து ஒண்ண எடுக்கும். ரெண்டு நம்பர் இருந்தாக்கூட ஒழுங்கா எடுக்கும். பேரு போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல.”

“இத முன்னாலயே எழுதி வச்சிருக்கானா?” என்றார் அண்ணாச்சி.

“ஆமா பெரியப்பா. ஒரு வசதிக்குன்னு போட்டிருக்கு. அதனால வேண்டாத வெளைவு வரலாம்னும் அங்கனயே போட்டிருக்கு.”

அண்ணாச்சி சுவரையே பார்த்தார். “வசதிங்கான். வில்லங்கம் வரும்னும் அவனே சொல்லுதான். நம்ம கமிட்டில இருந்த ஆளாத்தான் இருக்கணும்.”

முதல் சிரிப்பு பின்வரிசையில் கேட்டது. பிரீத்தி நம்பரை அழித்துவிட்டு அண்ணாச்சியின் பெயரை அடித்து அழுத்தினாள். அவர் பெயர்தான் வந்தது. சந்தேகம் தீராத பால்பாண்டி தானே வந்து தன் விரலால் அழுத்திப் பார்த்தான். அப்போதும் அவர் பெயர்தான்.

“நம்பர் போடச் சொன்னது யாரு தாயி?” என்று கேட்டார் அண்ணாச்சி.

பெற்ற மகள் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினாள்.

“கடைசிக்கும் அழுத்தச் சொன்னது?”

விரலை அவள் இன்னும் கீழே இறக்கியிருக்கவில்லை.

பொடி எழுத்தைப் படித்தே பிழைக்கிறவன் நான். அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி அருகில் வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

“விடுலே. எட்டுப் பேருன்னு நெனச்சதுல தப்பில்ல. என் வயித்தப் பாத்திருக்கும்.”

துண்டு மறுபடி இடுப்புக்குப் போனது. மேளக்காரர் விட்ட இடத்திலிருந்து அடித்தார்.

அந்த வருஷத்துப் பத்தாம் நாள் பிரசாதத்தில் எனக்கு மட்டும் எட்டு உருண்டை கொடுத்தார் அண்ணாச்சி. வீட்டில் மக்ரூன் டப்பாவில் கடைசி ஒன்று கிடந்தால், “ஒண்ணுதான் இருக்கு, அப்பாகிட்ட கேட்டுட்டு எடு. எட்டுன்னு சொன்னாலும் சொல்லுவாக” என்று மகளிடம் சொல்கிறாள் மனைவி.

குலுக்கல் இன்றும் கணினியில்தான். பிரீத்தி சென்னையிலிருந்து அதற்கென்றே வருகிறாள். பெயர்களைப் போட்டு ஒன்பது முறை அழுத்திவிட்டு மடிக்கணினியை மூடிவிடுகிறாள். அப்போது மண்டபமே சத்தமில்லாமல் என் பக்கம் திரும்பும். அண்ணாச்சி மட்டும் இடத்தை விட்டு எழாமல் கேட்பார்:

“என்னலே, அழுத்தச் சொல்லலியா?”