கரடி வீட்டு வால்வும் பன்றி வீட்டுப் பர்னரும்

ஒரு காட்டில், கேஸ் இணைப்பு எல்லாக் குகைக்கும் பொந்துக்கும் வந்து சேர்ந்துவிட்ட காலத்தில், எசக்கியம்மாள் என்றொரு கரடி இருந்தாள். அவளிடம் ஒற்றைப் பர்னர் அடுப்பு ஒன்று இருந்தது. மலர்ச்சுடர் கம்பெனி. கல்யாணச் சீராக வந்தது.

ஒருநாள் காலை கொழுக்கட்டைக்குத் தண்ணீர் வைத்துக் குமிழைத் திருப்பினாள். தீ வந்தது. கையை எடுத்தாள். தீ போய்விட்டது. மறுபடி அமுக்கினாள், வந்தது. எடுத்தாள், போனது.

"ஏங்க, இங்க வந்து இதைக் கொஞ்சம் பிடிங்க!"

புருஷன் சிவனணைந்தான் வந்து பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். கொழுக்கட்டை வெந்தது, குழம்பு கொதித்தது, மத்தியானச் சோறும் ஆயிற்று. அவர் நகரவில்லை. நகர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். இப்படியே நாட்கள் ஓடின. காட்டிலேயே தேனெடுப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர், கட்டைவிரலும் குமிழுமாக அடுப்படியில் ஒடுங்கிப்போனார். தேன் வரத்து நின்றது. தூக்கத்திலும் அவர் விரல் எதையோ அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து எசக்கியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டருக்கு ஓடினாள். அங்கே ஞானதுரை என்ற நரி உட்கார்ந்திருந்தது. டோக்கன் வாங்கி, முயலுக்கும் ஆமைக்கும் பின்னால் வரிசையில் நின்றாள். ஆமை முன்னால் நின்றதால் வரிசை நகர நேரமாயிற்று.

"வால்வு போயிருக்கு. அந்த மாடலை நிறுத்தியாச்சே. ஸ்பேர் வராது. புதுசா கண்ணாடி வச்ச அடுப்பு வந்திருக்கு, பாக்குறீங்களா?" என்றது நரி.

"கண்ணாடியா? எங்க வீட்டுக்காரர் குளிருக்கு அடுப்பு மேலதான் உக்காருவாரு."

நரி புது அடுப்பை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டது.

எசக்கியம்மாள் ஆன்லைனிலும் போட்டுப் பார்த்தாள். மான் ஓடிவந்து பார்சல் கொடுத்தது. பிரித்தால் குக்கர் விசில். திருப்பி அனுப்பினாள். இரண்டு விசில் வந்தது.

மறுபடி நரியிடம் போய் நின்றாள். நரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தது.

"அதே மாடல் இந்தக் காட்டுல இன்னும் ஒரே ஒரு வீட்டுலதான் இருக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டுப்பன்றி தவசிக்கண்ணு வீட்டுல. அந்த அடுப்பு மண்டையைப் போட்டதுன்னா வால்வு உங்களுக்குத்தான். நான் சொன்னதா மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

தவசிக்கண்ணுவும் சற்று முன்னால்தான் இதே இடத்தில், கருகிய மீசையோடு நின்றுவிட்டுப் போயிருந்தார். அவர் அடுப்பில் வால்வு நன்றாகத்தான் இருந்தது. பர்னர்தான் வெடித்துப்போய், தீ ஒரு பக்கமாகவே பாய்ந்தது. அவர் சாப்பிட்ட தோசை பாதி கரி, பாதி மாவு. அவரிடமும் நரி குரலைத் தணித்து, கரடி வீட்டு விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருந்தது.

எசக்கியம்மாள் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள்.

"வாங்க மைனி, அதிசயமா இருக்கு!" என்றார் தவசிக்கண்ணு.

"சும்மாதான் அண்ணாச்சி. பக்கத்துல இருந்துகிட்டு ஒரு எட்டு வந்து பாக்கலைன்னா எப்படி? உடம்பு நல்லாருக்கா? பிள்ளைகள் நல்லாருக்கா? அடுப்பு நல்லாருக்கா?"

"அடுப்பு குத்துக்கல்லாட்டம் இருக்கு மைனி. உங்க அடுப்பு?"

"அதுக்கென்ன, சொன்ன பேச்சுக் கேக்குது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் இருவருக்கும் வருத்தமாக இருந்தது.

மறுநாள் தவசிக்கண்ணு கிழங்கு மூட்டையோடு கரடி வீட்டுக்கு வந்தார். அதற்கு மறுநாள் எசக்கியம்மாள் போனாள். போகும்போதெல்லாம், வேகவே வேகாத முற்றல் காராமணியாகப் பார்த்து எடுத்துப் போனாள்.

"உங்க கைப்பக்குவத்துல இதைச் சாப்பிடணும்னு ஆசை அண்ணாச்சி. மெதுவா வேகட்டும். அவசரமே இல்லை."

தவசிக்கண்ணுவும் விடவில்லை. "மைனி, உங்க வீட்டு அல்வா மாதிரி வராது. ஆனா நல்லாக் கிண்டணும். அடுப்பை அணைக்கவே கூடாது."

அல்வா கிண்டிய அன்று சிவனணைந்தானின் விரல் வாழைப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. மற்றபடி இரண்டு அடுப்பும் சாகவில்லை. இருமின, புகைந்தன, அவ்வளவுதான். எசக்கியம்மாளும் தவசிக்கண்ணுவும்தான் அல்வாவும் காராமணியுமாகத் தின்று பருத்தார்கள்.

காடு இதைப் பார்த்து வியந்தது. "கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள். தினமும் போய் விசாரிக்கிறார்களே!" என்று மயில் ஊரெல்லாம் சொன்னது. பஞ்சாயத்துத் தலைவரான யானைக்குக் கண் கலங்கிவிட்டது. சிறந்த அண்டைவீட்டார் விருது கொடுப்பதாக அறிவித்து, ஆலமரத்தடியில் மேடை போட்டது. காடே திரண்டது. இரண்டு வீட்டிலும் ஒருவர்கூட இல்லை.

யானை பேச ஆரம்பித்தது. காடு உண்டான கதையிலிருந்து ஆரம்பித்தது.

எசக்கியம்மாளின் மனசில் ஒன்று தோன்றியது. அவள் முன்வரிசையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் கைதட்டும்போதுகூடக் கட்டைவிரலால்தான் தட்டினார்.

"தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வந்திருதேன்" என்று நழுவினாள்.

"எனக்கும் கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்று தவசிக்கண்ணு மறுபக்கம் இறங்கினார்.

எசக்கியம்மாள் ஓடைக்கரை வழியாக ஓடிப் பன்றி வீட்டு அடுப்படிக்குள் புகுந்தாள். ஸ்பானர் எடுத்து வால்வைக் கழற்றினாள். அதற்கு முன் சிலிண்டரை மறக்காமல் மூடினாள். திருட்டாக இருந்தாலும் பாதுகாப்பு முக்கியம் அல்லவா? அதே சமயம் தவசிக்கண்ணு மூங்கில் காட்டு வழியாகக் கரடி வீட்டுக்குப் போய்ப் பர்னரைக் கழற்றினார். அவரும் சிலிண்டரை மூடினார்.

இருவரும் மூச்சிரைக்க மேடைக்குத் திரும்பியபோது யானையின் பேச்சு முதல் மழை வரைக்கும் வந்திருந்தது. இன்னும் மரம் முளைக்கவில்லை.

கடைசியில் பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. உணர்ச்சிவசப்பட்ட யானை, இருவரையும் தும்பிக்கையால் சேர்த்துக் கட்டி இறுக்கியது.

டங்!

எசக்கியம்மாளின் கக்கத்திலிருந்து வால்வு விழுந்தது. தவசிக்கண்ணுவின் வாயிலிருந்து பர்னர் உருண்டது. கூட்டம் எக்கிப் பார்த்தது. ரோமத்துக்கு அடியில் எசக்கியம்மாளின் முகம் சிவந்தது நல்லவேளையாக யாருக்கும் தெரியவில்லை.

யானை இரண்டையும் எடுத்து உற்றுப் பார்த்தது. கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது.

"பார்த்தீர்களா மக்களே! விருது வாங்க வரும்போதுகூட ஒருவருக்கு ஒருவர் ஸ்பேர் பார்ட் கொண்டு வந்திருக்கிறார்கள்! கொடுங்கள், உங்கள் கையாலேயே கொடுங்கள்!"

கைதட்டல் காட்டைப் பிளந்தது. வேறு வழியில்லை. எசக்கியம்மாள் வால்வைத் தவசிக்கண்ணுவிடம் நீட்டினாள். தவசிக்கண்ணு பர்னரை எசக்கியம்மாளிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டுப் பர்னர் மாதிரியே இருக்கே" என்று அவள் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள்.

"இந்த வால்வும் எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்கு மைனி."

"ஒரே மாடல்தானே!" என்றார்கள் இருவரும் சேர்ந்து.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஓடைக்கரை வந்ததும் தவசிக்கண்ணுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வெடித்தது. எசக்கியம்மாளும் சிரித்தாள். பொன்னாடையோடு தண்ணீரில் விழுந்து புரண்டு இருவரும் சிரித்தார்கள்.

"சிலிண்டரை மூடினீங்களா மைனி?"

"மூடாமலா? நீங்க?"

"இறுக்கி மூடிட்டேன்."

"உங்களை மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி!"

அன்று சாயங்காலமே இருவரும் நரியிடம் போய் அடுப்படிக் கதவுக்கு ஆளுக்கொரு பெரிய பூட்டு வாங்கினார்கள். விருதைப் பார்த்து உற்சாகமான மற்ற மிருகங்களும் அக்கம்பக்கத்து அடுப்படிகளுக்குள் புகுந்து நலம் விசாரிக்கத் தொடங்கின. நரி அடுப்பு வியாபாரத்தை விட்டுவிட்டு முழுநேரப் பூட்டுக் கடை போட்டது. சிவனணைந்தான் மட்டும் பழையபடி குமிழருகே போய் நின்று, பெருமூச்சுவிட்டு, விரலை வைத்தார்.

நீதி: பக்கத்து வீட்டாரை நாள்தோறும் நலம் விசாரியுங்கள், போகும்போது ஸ்பானரை மறக்காதீர்கள்.