பதினோரு சுற்று

முதல் நாற்சந்தியில் ஆர்டிஸ் பிரேக்கை மிதித்தாள். பிக்கப் வண்டி ஒழுங்காகத்தான் நின்றது. பின்னால் வந்த மாட்டு டிரெய்லர் நின்றதோடு விடவில்லை. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு கீச்சென்று அலறி, ரப்பர் புகையைக் கக்கியது. உள்ளே எதுவோ உருண்டுபோய் டமாலென்று மோதியது.

"மாடு விழுந்திருச்சு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் எல்டன்.

"மாடு இல்ல எல்டன். உன் சாய்வு நாற்காலி."

"நாற்காலி எதுக்கு மாட்டு டிரெய்லர்ல போகுது?"

"காலைல இருந்து ஆறு தடவ சொல்லிட்டேன். உறை கிழிஞ்சிருக்கு. தைக்கக் குடுக்கப் போறோம்."

அது பொய். நாற்காலியும், கட்டிலும், துணி அலமாரியும் ஆற்றங்கரை ஊரில் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எல்டனும்தான்.

ஜனவரியில் ஒரு நாள் அவர் முழங்காலளவு பனியில் வெறுங்காலோடு கொட்டகைக்கு நடந்து போய், மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். மாடுகளை விற்று அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பனியில் விறைத்து இரண்டு கால்விரல் போயிற்று. அதற்கப்புறமும் எட்டு மாதம் ஆர்டிஸ் வாசலுக்குக் குறுக்கே மெத்தை போட்டுப் படுத்துப் பார்த்தாள். டாக்டர்தான் கடைசியில், "இப்படியே போனா அவருக்கு முன்னால நீங்க போய்ச் சேந்துருவீங்க," என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஆர்டிஸ் டிரெய்லர் இழுத்ததே கிடையாது. அது எல்டனின் ராஜ்ஜியம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக்குக்கென்று ஒரு சின்னத் திரை இருந்தது. அதில், பிரேக் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண். பக்கத்தில் கூட்டுவதற்கு ஒரு பொத்தான், குறைப்பதற்கு ஒரு பொத்தான், விரலால் நெருக்கிப் பிடிக்க ஒரு நெம்புகோல். எண் ஒன்பதில் நின்றது.

"பன்னெண்டு மாட்டுக்கு வச்ச எண் அது," என்றார் எல்டன். "இப்ப உள்ள எத்தன?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு ஒம்பது? கொற."

அன்று காலை அவளைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர், பிரேக் என்றதும் தெளிவாகப் பேசினார். ஆர்டிஸ் சந்தோஷத்தில் ஒரேயடியாக ஒன்றுக்குக் குறைத்தாள்.

அடுத்த இறக்கத்தில் டிரெய்லர் பிரேக் பிடிக்கவே இல்லை. பின்னாலிருந்து மாமியார் மாதிரி தள்ளிக்கொண்டே வந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டி நடுச்சந்தியில் போய்த்தான் வண்டி நின்றது. மக்காச்சோளம் ஏற்றிவந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"அவனுக்குக் கைய ஆட்டு," என்றார் எல்டன். "தெரிஞ்ச பையன்."

"தெரிஞ்ச பையன் விரலக் காட்டுறான்!"

ஏழுக்கு ஏற்றினாள். ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்றபோது அலமாரியின் மேல் இழுப்பறை பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தது. இரண்டரைக்கு இறக்கினாள். பாலத்தின் முடிவில் எச்சரிக்கைப் பலகை ஒன்று தப்பித்தது, மயிரிழையில்.

ஊருக்குள் வந்து பார்த்தால், இல்லம் ஒரு செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. சரிவு நேரே போய் முடிகிற இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கூடம். உள்ளே வயசானவர்கள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டிஸ் சரிவில் இறங்கவில்லை. மேலேயே, எதிரில் இருந்த கண்காட்சி மைதானத்துக்குள் வண்டியைத் திருப்பினாள். தளம் போட்ட, மேடு பள்ளமில்லாத, ஆளில்லாத மைதானம்.

"நல்ல இடம்," என்றார் எல்டன். "இருபது மைல் வேகத்துல நேரா போ. காலால மிதிக்காத, நெம்புகோல நெருக்கு. சக்கரம் பூட்டிக்கிட்டுக் கீச்சுன்னா அதிகம். முதுகுல தள்ளுச்சுன்னா கம்மி. பூட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும். அவ்வளவுதான்."

"எண்ணச் சொல்லேன்."

"மறந்துபோச்சு."

இரண்டு சுற்று சுற்றி, நாலுக்கு வைத்தாள். நன்றாகத்தான் பிடித்தது. இறங்கிப் போய்ச் சக்கரங்கள் சூடேறிவிட்டனவா என்று தொட்டுப் பார்த்து, உள்ளே நாற்காலியையும் பார்த்துவிட்டு வந்தாள். எதற்கும் இன்னொரு தடவை என்று ஓட்டி, நெம்புகோலை நெருக்கினாள். சக்கரங்கள் அலறின.

திரையில் எட்டு.

"நான் நாலுதானே வச்சேன்?"

"எட்டுன்னு பாத்த ஞாபகம்," என்றார் எல்டன் அனுதாபத்தோடு.

மறுபடி நாலு. இறங்கினாள், பார்த்தாள், ஏறினாள். டிரெய்லர் முதுகில் தள்ளியது. திரையில் ஒன்றரை.

மூன்றாவது முறை பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே நாலு என்று எழுதிக்கொண்டு இறங்கினாள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒன்பது.

"கையில நாலுன்னு எழுதியிருக்கேன் பாரு!"

"முட்ட வாங்க எழுதியிருப்ப. நாலு டஜன்."

அவள் அவரைப் பார்த்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் காலையில் அழுத கைகள். அந்த மனிதரையா சந்தேகப்படுவது? தன் தலைக்குள்ளும் ஏதோ கழலத் தொடங்கிவிட்டதென்றுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டு பேருக்கும் சேர்த்து அறை கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"வயசாகுதுல்ல, ஆர்டிஸ்," என்று அவள் தோளைத் தட்டினார் எல்டன்.

ஆறாவது சுற்றில், இல்லத்துப் பணிப்பெண் மரிசோல் சரிவேறி மூச்சு வாங்க வந்துவிட்டாள். "அம்மா, பத்து மணிக்கு வர்றதாச் சொன்னீங்களே. மேலயே சுத்திச் சுத்தி வர்றீங்க, உள்ள எல்லாரும் கஞ்சிய விட்டுட்டு உங்களத்தான் வேடிக்க பாக்குறாங்க."

ஆர்டிஸ் கண்ணைக் காட்டினாள். "எல்டன், இவங்கதான் நாற்காலி தைக்கிறவங்க."

மரிசோல் ஒரு கணம் விழித்தாள். பிறகு, "ஆமாங்கய்யா. உறை, பஞ்சு, எல்லாம் மாத்தித் தருவோம்," என்றாள்.

"டிரெய்லர இங்கயே விட்டுட்டு வாங்கம்மா, நாங்க ஆளுங்கள வச்சுத் தூக்கிக்கிறோம்," என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"பிரேக் சரியில்லாம என் வண்டி எங்கயும் நிக்காது," என்றார் எல்டன்.

ஆர்டிஸ் சக்கரம் பார்க்கப் பின்னால் போனாள். மரிசோல் அவர் ஜன்னலோரம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது திரையில் ஏழு.

அதற்கப்புறம் ஆர்டிஸ் அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு தடவை அழுத்து, ஓடு, நெருக்கு. கீச்சென்றால் குறை. தள்ளினால் கூட்டு. எண் என்ன சொன்னாலும் சரி, இருக்கைக்கு அடியில் டிரெய்லர் என்ன சொல்கிறதென்று கேட்க ஆரம்பித்தாள். அதிகமாகப் பிடித்தால் இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. போதாவிட்டால் முதுகில் ஒரு தள்ளல். சரியாக இருந்தால், பின்னால் யாரோ சட்டையை மெல்லப் பிடித்து நிறுத்துவது போல.

பதினோராவது சுற்றில் அப்படித்தான் நின்றது. அவள் இறங்கிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்தது.

"என்ன, போலாமா?" என்றார் எல்டன்.

சரிவில் வண்டி ஓடம் மாதிரி இறங்கி, கண்ணாடிச் சுவருக்குப் பத்தடி முன்னால் நின்றது. உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

அறை சின்னது, சுத்தமானது. நாற்காலியை ஜன்னலோரம் போட்டார்கள். எல்டன் உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவினார். உறையில் கிழிசல் அப்படியே இருந்தது.

"நல்லாத் தச்சிருக்காங்க," என்றார்.

ஆர்டிஸ் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். அதற்குப் பதிலாக அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"கெளம்பு," என்றார் எல்டன். "மத்தியானம் காத்து எடுக்கும்."

அவள் நடைவழியைக் கடந்து வண்டிக்கு வந்தாள். ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். காலி டிரெய்லருக்கு இது அதிகம் என்று தோன்றவே, கை தானாகப் போய்ப் பொத்தானை இரண்டு தடவை அழுத்திக் குறைத்தது.

கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுவந்த மரிசோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பழகிட்டீங்கம்மா."

"எங்க பழகுனேன்? வைக்கிற எண் எனக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது. அடுத்து என்னத்தான் கொண்டாந்து விடணும் உங்ககிட்ட."

மரிசோல் காகிதத்தை மடித்தாள், விரித்தாள். "சொல்லக் கூடாதுன்னாரு. நீங்க சக்கரம் பாக்க எறங்குன ஒவ்வொரு தடவையும், அவருதாம்மா கைய நீட்டி அந்தப் பொத்தான அமுக்குனாரு. மேல வந்தப்ப என் கண்ணால பாத்தேன்."

ஆர்டிஸ் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு, "தெரிஞ்சிருக்கு," என்றாள். "எங்க போறோம்னு தெரிஞ்சிருக்கு. உள்ள வர மனசில்லாமதான் நேரத்தக் கடத்தியிருக்காரு."

"நானும் அப்படித்தான் நெனச்சு அவர்கிட்ட கேட்டேம்மா. 'அதில்ல பொண்ணே, நான் இங்க தங்கிருவேன், இவ நாப்பது மைல் காலி டிரெய்லரோட தனியாத் திரும்பணும், எண்ணச் சொல்லிக்குடுத்தா எண்ணுதான் தெரியும், கைக்குத் தெரியாது'ன்னாரு."